அலெக்சாந்திரியா நூலகமும் நாலாயிரம் ஹம்மாம்களும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பணியாற்றும் அரபிக் கல்லூரியில் மன்திக் பாடம் நடந்துகொண்டிருந்தது. எதிராளி எந்தப் பக்கம் திரும்பினாலும் அகப்பட்டுக்கொள்ளும் இருமுனை வாதத்தை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். அஞ்சல் வழியில் பட்டப் படிப்பையும் தொடர்ந்துவந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், இதற்கு உமர் (ரலி) அவர்களுடைய கடிதத்தைத்தான் எங்கள் புத்தகத்தில் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார்கள்" என்றார். எந்தக் கடிதம் என்று கேட்டோம். அலெக்சாந்திரியா நூலகத்தை எரிக்கச் சொன்ன கடிதம் என்று தயங்கியவாறு சொன்னார். உடன் படிக்கும் பிற சமய நண்பர்கள் அதைச் சுட்டிக் கேட்டபோது தம்மால் பதில் கூற இயலவில்லை என்றும், அன்றிலிருந்து மனத்தில் ஓர் உறுத்தல் இருப்பதாகவும் சொன்னார்.

அவர் அமர்வதற்குள் இன்னொரு மாணவர் எழுந்துவிட்டார். அது கீழைத்தேயவாதிகள் கட்டிவிட்ட கதை என்றும், நூலகத்தை எரித்தவர்கள் உண்மையில் கிறிஸ்தவப் பாதிரிமார்களே என்றும் குரலை உயர்த்திக் கூறினார். எந்த நூலில் பார்த்தீர்கள் என்று இருவரிடமும் கேட்டோம். முன்னவர் பாடநூலைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. பின்னவர் ஒரு ஜும்ஆ பயானில் கேட்டதாகச் சொன்னார். இதில் மாணவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஷிப்லி நுஃமானி அவர்கள் இதை மறுத்து எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி அன்றைய பாடத்தை நாமும் ஒருவாறு முடித்துக்கொண்டோம். அந்த மறுப்பு எந்தச் சான்றுகளின் மேல் நிற்கிறது என்பதை நாமும் அதுவரை பார்த்திருக்கவில்லை. பின்னர் மூல நூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தபோது கண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். அவற்றுள் சில நமக்கு மகிழ்ச்சியளித்தன, சில அளிக்கவில்லை.

முதலில் கதையைப் பார்ப்போம். ஹிஜ்ரி 21இல், அதாவது கி.பி. 642இல், அலெக்சாந்திரியா நகரம் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் கைக்கு வருகிறது. அங்கு வாழ்ந்த யஹ்யா அன்னஹ்வீ என்ற கிறிஸ்தவ அறிஞர் அம்ர் (ரலி) அவர்களின் நட்பைப் பெறுகிறார். அரசர்களின் கருவூலத்தில் இருக்கும் தத்துவ நூல்கள் உங்களுக்குப் பயன்படமாட்டா, அவற்றை எங்களுக்குத் தாருங்கள் என்று ஒருநாள் வேண்டுகிறார். கலீஃபாவின் அனுமதியின்றித் தர இயலாது என்று கூறி, அம்ர் (ரலி) மதீனாவுக்கு எழுதுகிறார். அந்நூல்கள் அல்லாஹ்வின் வேதத்தோடு ஒத்துப்போகுமானால் அவை தேவையில்லை, முரண்படுமானால் அவை கூடாதவை, ஆகவே அழித்துவிடுக என்ற பொருளில் பதில் வருகிறது. நூல்கள் நகரத்தின் ஹம்மாம்களுக்குப் (பொதுக் குளியல் கூடங்களுக்கு) பங்கிட்டுக் கொடுக்கப்பட்டு அடுப்பெரிக்கப்படுகின்றன. அவை எரிந்து தீர ஆறு மாதங்கள் ஆயின என்று கதை முடிகிறது. ஹம்மாம்களின் தொகை நாலாயிரம் என்றே இக்கதையைச் சொல்வோர் வழக்கமாகக் கூறுவர்.

ஹதீஸ் கலையில் பயின்ற ஒருவர் இத்தகைய செய்தியைக் கேட்டதும், இதை யார், யாரிடமிருந்து, எப்போது அறிவித்தார் என்றே முதலில் வினவுவார். அந்த வினாவைக் கேட்டவுடன் கதையின் நிலை மாறிவிடுகிறது. எகிப்து வெற்றியைப் பற்றி விரிவாக எழுதிய இப்னு அப்துல் ஹகம் (மறைவு கி.பி. 871) இதைக் கூறவில்லை. பலாதுரீ கூறவில்லை. தபரீ கூறவில்லை. இவர்கள் முஸ்லிம்கள், மறைத்திருக்கலாம் என்று சொல்வோருக்காகக் கிறிஸ்தவர்களையும் பார்ப்போம். அலெக்சாந்திரியாவின் மெல்கிய திருச்சபைத் தலைவராக இருந்து கி.பி. 940இல் மறைந்த சயீத் இப்னுல் பித்ரீக், அதே நகரத்தின் வீழ்ச்சியை எழுதுகிறார். நூலகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவருக்கு முன்னர், வெற்றி நிகழ்ந்த அதே நூற்றாண்டில் வாழ்ந்தவர் நிக்கியூ நகரத்து ஆயர் யோவான். அவருடைய வரலாறு எத்தியோப்பிய மொழிபெயர்ப்பில் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது. அலெக்சாந்திரியா உடன்படிக்கையையும், ரோமப் படையின் வெளியேற்றத்தையும் அவர் விவரமாக எழுதியிருக்கிறார். அங்கும் இந்தத் தீ இல்லை.

எழுதாமல் விட்டதே ஒரு நிகழ்ச்சி நடக்கவில்லை என்பதற்கு முழுச் சான்றாகிவிடாது. எந்த வரலாற்றாசிரியரும் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. ஆனால் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கை நினைத்துப் பாருங்கள். பக்தாதில் கிரேக்க நூல்களை மொழிபெயர்த்த அந்தக் கிறிஸ்தவ மருத்துவர் (809–873), காலன் எழுதிய நூல் ஒன்றைத் தேடிச் சிரியா, பாலஸ்தீனம், எகிப்து எங்கும் அலைந்து அலெக்சாந்திரியா வரை சென்றதாகவும், இறுதியில் திமிஷ்கில் ஏறத்தாழப் பாதியை மட்டுமே கண்டதாகவும் தாமே எழுதிவைத்திருக்கிறார். ஒரு நூலுக்காக நாடுவிட்டு நாடு சென்ற மனிதர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்நகரத்தின் நூல்கள் அனைத்தும் அடுப்பில் எரிந்தன என்று கேள்விப்பட்டிருந்தால், அவ்விடத்தில் ஒரு பெருமூச்சாவது விட்டிருக்கமாட்டாரா?

நமக்குக் கிடைக்கும் முதல் குறிப்பு கி.பி. 1200ஐ ஒட்டியது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கும் இதற்கும் இடையே ஐந்தரை நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அதை எழுதியவர் கீழைத்தேயவாதி அல்லர். பக்தாதில் பிறந்த முஸ்லிம் மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ (1162–1231). எகிப்தில் தாம் கண்டவற்றை எழுதிய நூலில், அலெக்சாந்திரியாவின் 'அமூதுஸ் ஸவாரீ' என்ற பெருந்தூணை அவர் விவரிக்கிறார். அத்தூணைச் சுற்றி நின்ற நானூறுக்கும் மேற்பட்ட தூண்களை, ஸலாஹுத்தீன் காலத்து ஆளுநர் கராஜா உடைத்துக் கடலோரத்தில் போடச் செய்தார் என்ற செய்தியையும் தருகிறார். உடைந்து கிடந்த தூண்களை அவர் தம் கண்ணாலேயே கண்டவர். அதையடுத்துத்தான், இவ்விடமே அம்ர் (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் அனுமதியோடு எரித்த நூலகம் இருந்த இடம் எனத் தாம் கருதுவதாகப் போகிற போக்கில் எழுதிச் செல்கிறார்.

இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அவர் கருதுவதாகச் சொல்வது நூலகம் ஒன்றை மட்டுமன்று. அந்த மண்டபத்தில்தான் அரிஸ்டாட்டில் பாடம் நடத்தினார், அவருக்குப் பின் அவருடைய மாணவர்கள் நடத்தினார்கள், அலெக்சாண்டர் நகரத்தைக் கட்டியபோது நிறுவிய கல்விக்கூடம் அதுவே என்பதெல்லாம் அதே மூச்சில் வருகின்றன. அரிஸ்டாட்டில் அலெக்சாந்திரியாவில் பாடம் நடத்தியவர் அல்லர். நூலகம் அலெக்சாண்டருக்குப் பின்னர் தாலமி மன்னர்கள் நிறுவியது. அவர் கண்ட பெருந்தூணோ ரோமப் பேரரசர் டயோக்ளீஷனின் நினைவாக, அரிஸ்டாட்டிலுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் நிறுத்தப்பட்டது. ஆக, ஊர்வாசிகள் சொன்ன கதைகளின் தொகுப்பாக அந்த வாக்கியம் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டுவோர் என்ன செய்கிறார்கள்? வாக்கியத்தின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'முஸ்லிம் ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார்' என்கிறார்கள். அரிஸ்டாட்டிலை வெட்டிவிடுகிறார்கள். அரிஸ்டாட்டிலும் சேர்ந்து வந்தால் வாசகர் சிரித்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருக்கவேண்டும்.

முழுக் கதையையும் உரையாடல்களோடு எழுதியவர் இப்னுல் கிஃப்தீ (1172–1248). மேல் எகிப்தின் கிஃப்த் ஊரில் பிறந்து அலெப்போவில் அமைச்சராக இருந்தவர், பெரும் நூற்பிரியர். தத்துவ அறிஞர்களின் வரலாறு பற்றிய அவருடைய நூலில் யஹ்யா அன்னஹ்வீயின் வரலாற்றின் கீழ் இக்கதை வருகிறது. இதைப் படித்தபோது நமக்கு மிகுந்த வியப்பைத் தந்தது, இக்கதையில் முற்றிலும் புதிதாகப் புனையப்பட்டவை மிகக் குறைவு என்பதே. ஏறத்தாழ ஒவ்வொரு துண்டும் முன்னரே வேறெங்கோ இருந்தது.

யஹ்யாவை எடுத்துக்கொள்வோம். இப்னுன் நதீம் கி.பி. 987இல் எழுதிய 'அல்ஃபிஹ்ரிஸ்த்' நூலிலேயே, யஹ்யா அன்னஹ்வீ எகிப்து வெற்றிவரை வாழ்ந்தார், அம்ர் (ரலி) அவரைக் கண்ணியப்படுத்தினார் என்று இருக்கிறது. அங்கு நூல்களும் இல்லை, தீயும் இல்லை. கண்ணியம் மட்டுமே இருக்கிறது. அதே நூலின் வேறோரிடத்தில், தாலமி மன்னர் உலகெங்கும் ஆளனுப்பி நூல்களைச் சேகரித்த செய்தி வருகிறது. அங்கு யஹ்யா இல்லை. தனித்தனியே கிடந்த இவ்விரண்டும் இப்னுல் கிஃப்தீயின் பக்கத்தில் ஒன்றாகிவிட்டன. தாலமியின் கதையை அம்ர் (ரலி) அவர்களுக்குச் சொல்பவராக யஹ்யா ஆகிவிட்டார். இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த யஹ்யா, கிரேக்க உலகம் யோவான் ஃபிலோபொனஸ் என்று அறிந்த உரையாசிரியர். கி.பி. 490ஐ ஒட்டிப் பிறந்தவர். 529இல் ப்ரோக்ளஸை மறுத்து நூலெழுதியவர். முஸ்லிம் படை வந்தபோது அவர் உயிரோடிருந்தால் வயது நூற்றைம்பதைத் தாண்டியிருக்கும். அவர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

நாலாயிரம் ஹம்மாம்களுக்கும் முன்வரலாறு உண்டு. அலெக்சாந்திரியாவை வென்றபின் அம்ர் (ரலி) கலீஃபாவுக்கு எழுதியதாக ஒரு கடிதம் இப்னு அப்துல் ஹகமிடமும் சயீத் இப்னுல் பித்ரீக்கிடமும் காணப்படுகிறது. நாலாயிரம் மாளிகைகளும் நாலாயிரம் ஹம்மாம்களும் நாற்பதாயிரம் யூதர்களும் நானூறு கேளிக்கை இடங்களும் உள்ள நகரம் ஒன்றைக் கைப்பற்றினேன் என்பது அதன் சாரம். நாலும் நாற்பதுமாக வரும் இவ்வெண்கள், 'மிகப் பல' என்பதைச் சொல்லும் அக்கால வழக்கு என்பது தெளிவு. அங்கு ஹம்மாம்கள் நகரத்தின் செழிப்பைக் காட்ட வருகின்றன. பிற்காலக் கதையில் அதே ஹம்மாம்கள் அறிவை எரிக்கும் அடுப்புகளாகிவிட்டன.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். நாலாயிரம் கூடங்கள், ஆறு மாதத்திற்கு 180 நாட்கள். பெருக்கினால் 7,20,000 வருகிறது. அந்நூலகத்தைப் பற்றிப் பண்டை ஆசிரியர்கள் கூறிய எண்களில் மிகப் பெரியது 7,00,000 சுருள்கள். அதைக் குறையேதுமின்றி ஏற்றுக்கொண்டாலும், ஒரு கூடத்திற்கு நாளொன்றுக்கு ஒரு சுருள்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு நாணற்புல் சுருளை எரித்து ஊரார் குளிக்க வெந்நீர் வைக்கமுடியுமா? தோலில் எழுதிய சுவடிகளோ அடுப்புக்கு உதவா. எட்டு நூற்றாண்டுகளாக இக்கதையைச் சொல்லிவருவோரில் இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தவர்கள் சிலரே.

ஆல்ஃபிரட் பட்லர் 1902இல் வெளியிட்ட எகிப்து வெற்றி பற்றிய நூலில் இன்னொரு வலுவான செய்தியை எடுத்துக்காட்டினார். உடன்படிக்கை கையெழுத்தானது 641 நவம்பரில். முஸ்லிம் படை நகரத்துள் நுழைந்தது 642 செப்டம்பரில். இடைப்பட்ட மாதங்களில் கடல்வழி திறந்திருந்தது. ரோமர்கள் தம் உடைமைகளை எடுத்துச்செல்ல உடன்படிக்கையே அனுமதித்தது. விலைமதிப்பற்ற நூல்கள் அங்கு இருந்திருந்தால், அவற்றைக் கப்பலேற்ற அவகாசம் தாராளமாக இருந்தது.

ஒரு முஸ்லிம் அமைச்சர் ஏன் இப்படி எழுதவேண்டும்? பெர்னார்ட் லூயிஸ் 1990இல் எழுதிய குறிப்பொன்றில் ஒரு விளக்கம் தந்தார். முஸ்லிம்களிடம் பரிவு காட்டுபவர் என்று அவரை எவரும் சொல்லமாட்டார். எனினும் இக்கதை பொய் என்பதில் அவருக்கு ஐயமில்லை. 1171இல் ஸலாஹுத்தீன் ஃபாத்திமிய ஆட்சிக்கு முடிவுகட்டியபின், கெய்ரோவின் மாபெரும் ஃபாத்திமிய நூற்களஞ்சியம் ஏலத்தில் சிதறியது. பிழையான கொள்கை கொண்ட நூல்களைக் கலைப்பதற்கு உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரி உண்டு என்று காட்ட அக்காலத்தவர் விரும்பியிருக்கலாம் என்பது லூயிஸின் கருத்து. ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழீ அல்ஃபாழில் அந்த ஏலத்தில் ஏராளமான நூல்களைப் பெற்றவர். அப்துல் லத்தீஃப் எகிப்துக்குச் சென்றது அவருடைய பரிந்துரைக் கடிதத்தோடு. இப்னுல் கிஃப்தீயின் தந்தை அவருக்குக் கீழ்ப் பணியாற்றியவர். கதையை முதலில் எழுதிய இருவரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது கருதத்தக்கதே.

ஆயினும் இவ்விளக்கம் நமக்கு முழு நிறைவளிக்கவில்லை. இப்னுல் கிஃப்தீ கதையைச் சொல்லி முடிக்கும் தொனியில் வியப்பும் வருத்தமும் இருக்கின்றன. ஒரு செயலை நியாயப்படுத்துபவரின் தொனி அதுவன்று. நல்ல கதை ஒன்று கையில் கிடைத்தது, நூற்பிரியரான அவரால் அதை விடமுடியவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. பொய் பரப்புவோர் எல்லாரும் சதிகாரர்கள் என்று எண்ணிக்கொள்வது நமக்கு வசதியானது. உண்மையில் அவர்களில் பலர் நம்மைப்போல் கதை சொல்லும் ஆசையுள்ள கற்றறிந்தவர்களே.

இப்னுல் கிஃப்தீயிடமிருந்து கதையை எடுத்தவர் சிரியக் கிறிஸ்தவப் பேராயர் அபுல் ஃபரஜ் இப்னுல் இப்ரீ (1226–1286). அவர் சிரிய மொழியில் எழுதிய விரிவான வரலாற்றில் இக்கதை இல்லை. அரபியில் எழுதிய சுருக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அந்த அரபுச் சுருக்கத்தை எட்வர்ட் போகாக் 1663இல் ஆக்ஸ்ஃபோர்டில் இலத்தீன் மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். ஐரோப்பாவின் கல்வியாளர்களுக்குக் கதை போய்ச் சேர்ந்தது அவ்வழியேதான். உதுமானியப் படைகளின் அச்சம் இன்னும் நீங்காத ஐரோப்பாவில், நூலை எரிக்கும் முஸ்லிம் என்ற சித்திரத்திற்கு வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை. எனினும் அங்கேயே ஐயுற்றவர்களும் இருந்தார்கள். எட்வர்ட் கிப்பன் 1788இல் வெளியான பகுதியில், அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒருவரின் சொல்லை ஏற்கத் தயங்கினார். எகிப்தைச் சேர்ந்த முந்தைய கிறிஸ்தவ ஆசிரியர்களின் மௌனமே தமக்குப் பெரிதாகப் படுவதாகச் சொன்னார். 1890களில் ஷிப்லி நுஃமானி (1857–1914) உருதுவில் எழுதிய தனிக் கட்டுரை இவ்விவாதத்தை நம் நாட்டு முஸ்லிம்களிடம் கொண்டுசேர்த்தது. ஆய்வுலகம் இதை ஒதுக்கி நூறாண்டுக்கு மேலாகிறது. பொது அறிவுப் புத்தகங்கள் ஒதுக்கவில்லை. உமர் (ரலி) அவர்களின் வாயில் வைக்கப்பட்ட அந்த வாதம் கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதை மறுக்க இவ்வளவு பக்கங்கள் வேண்டியிருக்கின்றன.

இதுவரை எழுதியது நம்முள் பலருக்கு உவப்பாக இருந்திருக்கும். இனி எழுதப்போவது அவ்வளவு உவப்பானதன்று.

நம் இரண்டாவது மாணவர் கூறியது என்னவாயிற்று? கி.பி. 391இல் ஆயர் தியோஃபிலஸின் தலைமையில் கிறிஸ்தவர்கள் செராபியம் கோவிலை இடித்து நூலகத்தை எரித்தார்கள் என்று நம் மேடைகளிலும் ஏடுகளிலும் வழக்கமாகச் சொல்கிறோம். கோவிலை இடித்தது உண்மை. ரூஃபினஸ், சாக்ரடீஸ், சோசோமன் முதலிய திருச்சபை வரலாற்றாசிரியர்களும், கிறிஸ்தவர்களை வெறுத்த யூனாபியஸும் அதை எழுதியிருக்கிறார்கள். நூல்கள் எரிந்ததாக அவர்களில் ஒருவரும் எழுதவில்லை. சில ஆண்டுகள் கழித்து எழுதிய ஒரோசியஸ், கோவில்களில் வெறுமையான நூற்பேழைகளைத் தாம் கண்டதாகக் கூறுகிறார். எந்தக் கோவில் என்று குறிப்பிடவில்லை. அந்த ஒரு வரியைச் செராபியத்தோடு இணைத்தவர்களுள் ஒருவர் வேறு யாருமல்லர், நமக்குச் சாதகமாக எழுதிய அதே கிப்பன்தான். உமர் (ரலி) அவர்கள் விடயத்தில் மௌனத்தைச் சான்றாக ஏற்ற அவர், தியோஃபிலஸ் விடயத்தில் அதே மௌனத்தைக் கடந்து சென்றார். நாமும் அவ்வாறே செய்கிறோம். 1980இல் வெளிவந்த கார்ல் சேகனின் 'காஸ்மோஸ்' தொலைக்காட்சித் தொடர், 415இல் கொல்லப்பட்ட கணித அறிஞர் ஹைப்பேஷியாவின் முடிவையும் நூலகத்தின் அழிவையும் ஒன்றாக முடிந்துவைத்தபோது, நம் எழுத்தாளர்கள் சிலர் அதை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்கள்.

நிக்கியூ ஆயர் யோவானை நாம் கையாளும் முறையையும் பாருங்கள். அம்ர் (ரலி) திருச்சபைகளின் சொத்தைத் தொடவில்லை, கொள்ளையடிக்கவில்லை என்று அவர் எழுதியதை நம் பேச்சாளர்கள் பெருமையோடு எடுத்துரைக்கிறார்கள். எதிரியே தந்த நற்சான்று என்கிறார்கள். அதே ஆயர் அதே நூலில், நிக்கியூ நகரத்தில் நடந்த கொலைகளைப் பற்றியும், அலெக்சாந்திரியா மக்கள் மேல் விழுந்த வரிச்சுமையைப் பற்றியும் கடுமையான சொற்களில் எழுதியிருக்கிறார். அவர் எழுதியவற்றை நாம் ஏற்கவேண்டும் என்றோ மறுக்கவேண்டும் என்றோ இங்கு சொல்லவில்லை. போர்க்காலச் செய்திகளை எடைபோடத் தனி ஆய்வு வேண்டும். ஆனால் ஒரு சாட்சியின் பாதி வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு அவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிடும் உரிமையை நமக்கு யார் தந்தது? அப்துல் லத்தீஃபின் வாக்கியத்தில் அரிஸ்டாட்டிலை வெட்டியவர்களிடம் நாம் கேட்கும் கேள்வியும் இதுதானே?

1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தபோது டைக்ரிஸ் ஆறு மையால் கறுத்து ஓடியது என்பது நாம் அனைவரும் பலமுறை சொன்ன வாக்கியம். அடுத்த ஆண்டே நஸீருத்தீன் தூஸீ மராகாவில் வானாய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார் என்பதையும், பக்தாதிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட நூல்கள் அதன் நூலகத்தில் இடம்பெற்றன என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் எத்தனை பேர்? மேலே நாம் பார்த்த அபுல் ஃபரஜ், அந்த மராகா நூலகத்தில் அமர்ந்து படித்தவர், மராகாவிலேயே மறைந்தவர். கிரனடாவில் அரபு நூல்களை எரித்த சிஸ்னரோஸைப் பற்றி நம் ஏடுகள் தவறாமல் எழுதுகின்றன, எழுதவேண்டியதுதான். ஹிஜ்ரி 503இல் குர்துபாவில் இமாம் கஸ்ஸாலீயின் 'இஹ்யா' எரிக்கப்பட்டதும் அதே அந்தலுஸ் மண்ணில்தான். எரித்தவர்கள் முராபிதீன்கள், அதற்கு ஃபத்வா கொடுத்தவர்கள் நம் ஃபுகஹாக்கள். இது ஏனோ அந்தக் கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை.

இப்னு கல்தூனை (1332–1406) இங்கு நினைக்காமல் இருக்கமுடியாது. செய்திகளில் பொய் நுழையும் வழிகளை 'முகத்திமா'வில் அவர் எண்ணிக் காட்டினார். கொள்கைப் பற்று, அறிவிப்பாளர்மேல் குருட்டு நம்பிக்கை, ஆட்சியாளரை மகிழ்விக்கும் ஆசை, சமூக இயல்பை அறியாமை என அவர் பட்டியலிட்டார். அதற்கு அவர் எடுத்த சான்றுகளுள் ஒன்றும் அலெக்சாந்திரியாவைப் பற்றியதே: கடற்பூதங்கள் நகரத்தைக் கட்டவிடாமல் தடுத்தபோது அலெக்சாண்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்குள் இறங்கினார் என்று மஸ்ஊதீ எழுதிய கதை. மூடிய பெட்டிக்குள் மனிதன் மூச்சுத் திணறி இறந்துவிடுவான் என்று கூறி அதைத் தள்ளினார். ஆனால் அதே நூலின் பிற்பகுதியில், பாரசீக வெற்றியின்போது ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அங்கு கண்ட நூல்களைப் பற்றி உமர் (ரலி) அவர்களுக்கு எழுதியதாகவும், அவற்றை நீரில் எறிந்துவிடுமாறு பதில் வந்ததாகவும் எவ்வித ஐயமுமின்றி எழுதிச் செல்கிறார். அதே இருமுனை வாதம். ஊர் மட்டும் வேறு. அளவுகோலைச் செய்தவரே அதைக் கீழே வைத்துவிட்ட இடம் அது. அறிவில் அவருக்கு அருகில்கூட நாம் வரமுடியாது என்பதால், நம்மை எண்ணி அஞ்சவேண்டியிருக்கிறது.

ஃபாஸிக் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அவ்வசனத்தை நாம் பிறர் கொண்டுவரும் செய்திகளுக்கே பெரும்பாலும் ஓதுகிறோம். நம் முஹத்திஸ்களோ மிகக் கடுமையாக விசாரித்தது நல்லோர் கொண்டுவந்த செய்திகளைத்தான். மக்களை நன்மையின்பால் ஆர்வமூட்டுவதற்காக ஹதீஸ்களைப் புனைந்த வணக்கசாலிகளின் பெயர்களை அவர்கள் தயங்காமல் எழுதிவைத்தார்கள்.

மூல நூல்களைப் பார்த்து முடித்தபின், அவ்விரு மாணவர்களையும் மீண்டும் அழைத்து இவை அனைத்தையும் சொன்னோம். முதல் மாணவருக்கு முகம் மலர்ந்தது. பிறகு, "அப்படியானால் எரித்தது யார் ஹஜ்ரத்?" என்று கேட்டார். கி.மு. 48இல் ஜூலியஸ் சீசரின் போரில் ஒரு தீ பற்றியது, நூலகம் அதில் எரிந்தது என்று புளூட்டார்க் எழுதுகிறார்; ஏறத்தாழ கி.பி. 272இல் பேரரசர் அவ்ரேலியனின் போரில் அரச மாளிகைகள் இருந்த பகுதியே பாழானது; இடையிலும் பின்னரும் மன்னர்களின் ஆதரவு குறைந்தது; கடலோர ஈரத்தில் நாணற்புல் சுருள்கள் நெடுங்காலம் தாங்கா, படியெடுக்க ஆளில்லாவிட்டால் தாமாகவே மடியும் என்று கூறினோம். முஸ்லிம்கள் வந்தபோது எரிப்பதற்கு அங்கே அப்பெரும் நூலகம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்றோம். இந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குற்றவாளியின் பெயர் ஒன்றை எதிர்பார்த்து வந்திருந்தார்.

இரண்டாவது மாணவர் இப்போது ஓர் ஊரில் இமாமாக இருக்கிறார். அண்மையில் சந்தித்தபோது, நிக்கியூ ஆயரின் நற்சான்றை ஜும்ஆ பயானில் இனிச் சொல்லலாமா என்று கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள், அவருடைய ஊரில் நடந்ததாக அவர் எழுதியதையும் அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள் என்றோம். சிரித்துக்கொண்டார். இதுவரை அவர் இரண்டையுமே சொல்லவில்லை என்று கேள்விப்படுகிறோம்.